தீர்ப்பிலிருந்து சாவி வரை

"காலி செய்ய உத்தரவிடப்படுகிறது" என்று நீதிபதி சொன்ன அன்றே வீடு கைக்கு வந்துவிடும் என்று நம்பும் வீட்டு உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். உத்தரவில் இரண்டு மாதக் கெடு இருக்கும். கெடு முடிந்த மறுநாள் போய்க் கதவைத் தட்டினால், குடியிருப்பவர் பதற்றமே இல்லாமல் வந்து நின்று, "அப்பீல் போட்டிருக்கேன் சார், வக்கீலைப் பாருங்க" என்பார். வந்தவர் அப்படியே திரும்ப வேண்டியதுதான். தீர்ப்பு வந்தும் வீடு வராத இந்த இடைவெளியைக் கடக்கச் சட்டம் வைத்திருக்கும் வழிக்கு நிறைவேற்று நடவடிக்கை என்று பெயர். நீதிமன்ற வளாகத்தில் எல்லோருக்கும் அது இ.பி.

இந்தத் தொல்லை பழையது. 1872ல் தர்பங்கா ராஜ் ஜமீன் சம்பந்தப்பட்ட ஒரு மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் ஆரம்பிப்பதே அவர் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கிய பிறகுதான் என்ற பொருளில் எழுதியது. அதற்கு 153 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 6 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு சேலத்து வழக்கு ஒன்றை முடித்துவைத்தது. அது வாடகை வழக்கல்ல, நிலக் கிரயம் பற்றியது. 1980ல் ஒப்பந்தம், 1986ல் தீர்ப்பு. நிலத்தைச் சுவாதீனம் எடுக்கப் போன நேரத்தில், "நாங்கள் சாகுபடிக் குத்தகைதாரர்கள்" என்று சிலர் குறுக்கே நின்றார்கள். ஒப்பந்தம் போட்டவர் காலத்தில் நிலம் வரவில்லை. வாரிசுகள்தான் டெல்லி வரை போய் வாங்கினார்கள்.

அந்த வழக்கோடு நீதிபதிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. நாடு முழுக்க எத்தனை நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன என்று உயர் நீதிமன்றங்களிடம் கணக்குக் கேட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த கணக்கு எட்டு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும், வழக்கில் ஜெயித்தும் பொருளை அனுபவிக்க முடியாத ஒரு குடும்பம் இருக்கிறது. ஓய்வூதியத்தோடு மேல்மாடி வாடகையையும் நம்பி வாழும் முதியவர்கள் அதில் எத்தனையோ பேர்.

தாமதத்தில் பெரும்பங்கு நீதிமன்றங்களின் ஆள்பற்றாக்குறை, வாய்தா, மேல்முறையீடு ஆகியவற்றால் வருவது. அதை எந்த உரிமையாளரும் தனியாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் கணிசமான ஒரு பங்கு, வழக்குப் போடும்போதே காகிதத்தில் விட்ட ஓட்டைகளால் வருகிறது. அந்தப் பங்கு உரிமையாளரின் கையில் இருக்கிறது. இந்த அத்தியாயம் பெரிதும் அதைப் பற்றியதுதான்.

பூட்டை உடைக்கும் ஆசை

வழிமுறைக்குள் போகுமுன் ஓர் எச்சரிக்கை. மாதக்கணக்கில் வாடகை வராமல், கேட்டால் ஏச்சும் வாங்கிக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு, "நான்கு ஆளைக் கூட்டிப் போய்ச் சாமானைத் தெருவில் வையுங்கள்" என்று யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது, குடியிருப்பவர் வெளியூர் போன நேரத்தில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது எல்லாம் இந்த வகைதான். செய்யவே கூடாது.

வாடகைக் காலம் முடிந்துவிட்டாலும், சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. யார் சுவாதீனத்தில் இருந்தார், யார் வெளியேற்றினார் என்பது மட்டும்தான் பார்க்கப்படும். சொந்த வீட்டுக்காரரே தோற்று, குடியிருந்தவரை மறுபடி உள்ளே விட வேண்டி வரும். அந்த உத்தரவுக்கு மேல்முறையீடும் கிடையாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைத் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டமும் தடைசெய்திருக்கிறது.

காவல் நிலையத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பதும் இதில் சேர்ந்ததுதான். வாடகைத் தகராறு உரிமையியல் விவகாரம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. நீதிமன்றம் கேட்டால் பாதுகாப்புக் கொடுப்பது அவர்கள் வேலை. அந்தக் கட்டம் பின்னால் வரும்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கிவிட்டு, 2017ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய சட்டத்தின்கீழ் அப்போது நடந்துகொண்டிருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடர்ந்தன. அதனால் ஆர்.சி.ஓ.பி. என்ற எண்ணோடு வரும் கோப்பும், ஆர்.எல்.டி.ஓ.பி. என்ற எண்ணோடு வரும் கோப்பும் வேறு வேறு சட்டங்களைச் சேர்ந்தவை. சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்ற நீதிபதிகளே வாடகை நீதிமன்றமாக அமர்கிறார்கள்.

புதிய சட்டத்தில் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியது, இரண்டு மாத வாடகையும் வட்டியும் பாக்கி, எழுத்துமூல அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, எச்சரித்த பிறகும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பழுதுபார்க்க அல்லது இடித்துக் கட்ட இடம் தேவைப்படுவது, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை முக்கியமானவை. பாக்கி என்ற காரணத்தை மட்டும் நம்பிப் போவதில் ஓர் ஆபத்து உண்டு. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். உண்மையிலேயே இன்னொரு காரணமும் இருந்தால் மனுவில் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தச் சட்டத்துக்குள் வராத இடங்களுக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவின்படி நோட்டீஸ் விட்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். மாத வாடகை என்றால் 15 நாள் நோட்டீஸ். எந்த வழியில் போனாலும் கடைசியில் வாசலுக்கு வருபவர் நீதிமன்றத்தின் ஆளான அமீனாதான்.

சொத்து விவரம்

மனுவின் கடைசிப் பக்கத்தில் 'சொத்து விவரம்' என்று ஒரு பத்தி இருக்கும். ஷெட்யூல் என்பார்கள். வக்கீல் குமாஸ்தா பழைய பத்திரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வார், உரிமையாளர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். வாதம், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து அத்தனை பக்கத் தீர்ப்பு வந்த பிறகு, அமீனா கையில் எடுத்துக்கொண்டு வருவது இந்த ஒரு பத்தியைத்தான்.

அவர் வாசலில் நிற்கிறார். வாரண்டில் 'கதவு எண் 14' என்றிருக்கிறது. சுவரில் புதிய எண் 27 என்று மாநகராட்சி ஒட்டிய தகடு. பத்திரத்தில் இருந்த எண் வேறு. மாடிப் போர்ஷனா கீழ்ப் போர்ஷனா என்பது வாரண்டில் இல்லை. முன்பக்கத்தில் இரண்டு கடைகள், நடுவில் ஒரு தடுப்புச் சுவர். வாரண்ட் சொல்லும் கடை எது என்று கேட்டால், உள்ளே இருப்பவர் "இது அந்தக் கடை இல்லீங்க" என்கிறார். அமீனாவுக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை இல்லை. 'சொத்தை அடையாளம் காண இயலவில்லை' என்று எழுதி வாரண்டைத் திருப்பிவிடுவார். அன்றைக்குக் கூட்டி வந்த பூட்டுக்காரர், ஆள், வண்டி எல்லாம் வீண். அடுத்த வாரண்டுக்குப் பல மாதம் ஆகும்.

ஆகவே மனு தாக்கலாகும் முன் உரிமையாளர் ஷெட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். தெருப் பெயர் மாறியிருந்தால் இரண்டு பெயரும். எந்தத் தளம், படி ஏறி இடதா வலதா, எத்தனை அறை, குளியலறை எங்கே, மோட்டார் அறையும் வண்டி நிறுத்தும் இடமும் வாடகையில் அடங்கியவையா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். நான்கெல்லையை இன்றைய நிலைப்படி சொல்ல வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய பத்திரத்தில் 'வடக்கே காலி மனை' என்றிருந்த இடத்தில் இன்று மூன்று மாடி நிற்கும். மின் இணைப்பு எண்ணும் சொத்துவரி எண்ணும் சேர்ந்தால் அடையாளம் இன்னும் உறுதியாகும். ஒரு வரைபடத்தை இணைத்து, வழக்குச் சொத்தைச் சிவப்பில் காட்டிவிட்டால் தகராறுக்கு இடம் குறையும்.

2021 ஏப்ரல் 22 அன்று, பெங்களூருச் சொத்து ஒன்றைப் பற்றிய வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ. போப்டே தலைமையிலான அமர்வு கீழமை நீதிமன்றங்களுக்கு வரிசையாகச் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றில் சில இந்தப் பத்தியோடு தொடர்புடையவை. சொத்தில் வேறு யாருக்காவது உரிமை இருக்கிறதா என்று வழக்கின் தொடக்கத்திலேயே இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டால் ஆணையரை அனுப்பி இடத்தின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும். டிக்ரியில் சொத்து விவரம் ஐயமற இருக்க வேண்டும். உரிமையாளரின் வக்கீல் இந்தத் தீர்ப்பைக் காட்டி, விசாரணையின் தொடக்கத்திலேயே வக்கீல் ஆணையர் ஒருவரைக் கேட்டு வாங்கலாம். ஆணையர் நேரில் பார்த்து எழுதிய அறிக்கையும் படமும் கோப்பில் இருந்தால், ஐந்து ஆண்டு கழித்து வரும் அமீனாவுக்கு அதுவே வழிகாட்டும்.

டிக்ரியில் எண் தவறாக விழுந்துவிட்டதா? வெறும் எழுத்துப் பிழை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் (சி.பி.சி.) 152ஆம் பிரிவின்கீழ் திருத்தக் கேட்கலாம். தீர்ப்பின் நகல் வந்த அன்றே அதைச் சரிபார்ப்பவர், நாளைக்கு வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை.

ஆட்களின் பெயரிலும் இதே கவனம் தேவை. ஒப்பந்தம் அப்பா பெயரில் இருக்கும், அவர் இறந்து மகன் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். கடையை மச்சானுக்குக் கைமாற்றி விட்டிருப்பார்கள். சட்டப்படி உள்வாடகைக்காரரைத் தனியாகச் சேர்க்காவிட்டாலும் முதல் வாடகைதாரர்மீது வந்த உத்தரவு அவரைப் பெரும்பாலும் கட்டும். என்றாலும் தெரிந்தவரை எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுவது மேல். விசாரணைக்கு நடுவில் ஒருவர் இறந்தால் வாரிசுகளைக் காலத்தில் கோப்புக்குக் கொண்டுவர வேண்டும். விட்டால் மொத்த வழக்கும் அற்றுப்போகலாம்.

தீர்ப்பு வந்த வாரம்

ஜெயித்தவர் இனிப்பு வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மேல்முறையீடு எந்த நீதிமன்றத்துக்குப் போகுமோ அங்கே கேவியட் மனு. சி.பி.சி. 148ஏ பிரிவின்கீழ் போடப்படும் அந்த மனு 90 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்துக்குள் குடியிருப்பவர் தடை கேட்டு வந்தால், உரிமையாளர் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. 90 நாள் முடிந்தால் புதிதாக ஒன்று போட வேண்டும். பலர் இந்தத் தேதியை மறந்துதான் ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டே உத்தரவின் நகலைப் பார்க்கிறார்கள்.

மேல்முறையீடு தாக்கலானதாலேயே தடை வந்துவிடாது. தடை என்று தனியாக உத்தரவு இருந்தால்தான் நிறைவேற்றம் நிற்கும். தடை வந்தே தீரும் என்ற நிலையில் உரிமையாளர் தரப்பு கேட்க வேண்டியது நிபந்தனையை. டெல்லி கன்னாட் சர்க்கஸில் மாதம் 371 ரூபாய் 90 பைசா வாடகைக்கு இருந்த ஒரு கடையைக் காலி செய்ய உத்தரவானது. மேல்முறையீட்டில் தடை கொடுத்த தீர்ப்பாயம், மாதம் 15,000 ரூபாய் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. 2004ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பவும் நிலைநிறுத்தியது. காலி செய்ய உத்தரவான நாளிலிருந்து பழைய வாடகை என்ற பேச்சுக்கு இடமில்லை, சந்தையில் அந்த இடத்துக்கு என்ன கிடைக்குமோ அதைக் கட்டித்தான் தடையை அனுபவிக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வழக்கை இழுப்பது லாபம் என்ற கணக்கை உடைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டாயிரம் ரூபாய் வாடகையில் கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் வருமானம். மாதம் முப்பதாயிரம் கட்டச் சொன்னால் அவரே சமரசத்துக்கு வருவார். அதற்கு அக்கம்பக்கத்தில் பதிவான வாடகை ஒப்பந்தங்களின் நகல்கள் வேண்டும். வாயால் சொல்லும் விலையை நீதிமன்றம் ஏற்காது. வாடகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் மாத வாடகையைப் போல இரு மடங்கு இழப்பீடு கேட்கவும் தமிழ்நாட்டின் புதிய சட்டம் வழி வைத்திருக்கிறது.

இ.பி. போடுதல்

உரிமையியல் நீதிமன்ற டிக்ரியை நிறைவேற்றக் காலவரம்புச் சட்டம் 12 ஆண்டு கொடுக்கிறது. அவ்வளவு இருக்கிறதே என்று ஆறப்போடுவது தப்பு. இரண்டு ஆண்டு தாண்டினால் சி.பி.சி. ஆர்டர் 21, விதி 22ன்படி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் என்றால் அதை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க, அதாவது சார்வு செய்ய, ஒரு வாய்தா, 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பி வந்தால் இன்னொன்று, வாசலில் ஒட்ட மற்றொன்று.

மனுவோடு டிக்ரியின் சான்றிட்ட நகல், சொத்து விவரம், எதிர்த்தரப்பின் சரியான முகவரி இருக்க வேண்டும். சுவாதீன ஒப்படைப்புக்கு ஆர்டர் 21, விதி 35 பொருந்தும். வாடகை நீதிமன்றத்து உத்தரவு என்றால் அந்த நீதிமன்றத்திலேயே நிறைவேற்றம் கேட்க வேண்டும். வீட்டை ஒப்படைப்பதோடு பாக்கிக்காக வங்கிக் கணக்கைப் பற்றுகை செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சார்வாகி 30 நாளுக்குள் நிறைவேற்று மனுவை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உரிமையியல் நீதிமன்றங்களுக்கு 2021 தீர்ப்பு வைத்த கெடு, தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதம். தாண்டினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். காரணமே இல்லாமல் வாய்தா நீளும்போது, இந்தக் கெடுவை எழுத்துமூலம் ஒரு மெமோவாகத் தாக்கல் செய்யச் சொல்லி வக்கீலைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

டெலிவரிக்கு உத்தரவானதும் பேட்டா என்ற கட்டணத்தைக் கட்டினால் வாரண்ட், அவற்றைப் பிரித்துக்கொடுக்கும் நாசர் பிரிவுக்குப் போய், அங்கிருந்து அமீனாவுக்கு வரும். அதற்கு முன்பே யோசிக்க வேண்டியவை இரண்டு துணை மனுக்கள்: வீடு பூட்டியிருந்தால் பூட்டை உடைக்க அனுமதி, தகராறு வரும் என்றால் போலீஸ் பாதுகாப்பு. விதி 35 பூட்டையும் தாழ்ப்பாளையும் உடைக்க இடம் தருகிறது. ஆனால் நடைமுறையில், தனி உத்தரவு கையில் இல்லாமல் பூட்டின்மேல் சுத்தியலை வைக்க எந்த அமீனாவும் துணியமாட்டார். போலீஸ் உத்தரவு இருந்தாலும் கோவில் திருவிழா, தலைவர் வருகை, தேர்தல் என்றால் அன்றைக்கு ஆள் வராது. உத்தரவு நகலை நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி, தேதியை முன்னதாகவே பேசி வைக்க வேண்டும். குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால் பெண் காவலரையும் சேர்த்துக் கேட்பது அவசியம்.

அமீனா வரும் நாள்

காலை பத்தரை, பதினொன்று மணிக்கு அமீனா வருவார். உரிமையாளரோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ கூட இருந்து சொத்தை அடையாளம் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகள் தயாராக இருக்க வேண்டும். பூட்டுக்காரர், புதுப் பூட்டு, சாமான் தூக்க ஆள், ஃபோட்டோ எடுக்க ஒருவர். இவ்வளவும் உரிமையாளர் ஏற்பாடு.

"ஐயா, கோர்ட் வாரண்ட் வந்திருக்கு. இடத்தைக் காலி பண்ணி ஒப்படைக்கணும்."

"ஒரு வாரம் டைம் குடுங்க சார், பசங்களுக்குப் பரீட்சை."

"டைம் குடுக்குற அதிகாரம் எனக்கு இல்லீங்க. அது கோர்ட்தான் குடுக்கணும்."

இந்த இடத்தில் உரிமையாளர் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. பழைய கணக்கு, பட்ட அவமானம், வீட்டைக் கெடுத்த விதம் எல்லாம் நெஞ்சில் வந்து முட்டும். ஒரு சொல் தடித்தால் கைகலப்பு, கைகலப்பு என்றால் எதிர்ப்புகார், எதிர்ப்புகார் என்றால் வாரண்ட் திரும்பிப் போகும். வீட்டுக்குள் பெண்கள் இருந்தால் அவர்களுக்கு முன்னறிவிப்புச் செய்து, வெளியேற நேரமும் வசதியும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் விதியிலேயே இருக்கிறது. படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், நீதிமன்றத்தில் சொல்லி இரண்டு வாரம் தள்ளி வாரண்ட் வாங்குவது மனிதத்தன்மை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. நோயாளியைக் கட்டிலோடு வெளியே வைத்த ஃபோட்டோ ஒன்று போதும், நியாயமான வழக்கு அடுத்த நாளே உயர் நீதிமன்றத்தில் வேறு முகத்தோடு நிற்கும்.

சாமான்களை வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுத வேண்டும். குத்துவிளக்கு இரண்டு, பீரோ ஒன்று, பூட்டிய நிலையில் டிரங்குப் பெட்டி ஒன்று என்று. பூட்டிய பெட்டியைத் திறக்கக் கூடாது. ஆள் இல்லாத வீட்டின் பூட்டை உடைத்துத் திறந்தால் இது இன்னும் முக்கியம். "பீரோவில் முப்பது பவுன் இருந்தது" என்ற புகார் எப்போதும் பின்னால்தான் வரும். உடைப்பதற்கு முன்பிருந்தே வீடியோ ஓட வேண்டும். பட்டியலில் அமீனா, சாட்சிகள் கையெழுத்து. சாமான்களை யார் பொறுப்பில் வைப்பது என்பதை அமீனாவின் அறிக்கையில் எழுதி, நீதிமன்ற உத்தரவைப் பெற்றே அடுத்ததைச் செய்ய வேண்டும். கடைசியில் உரிமையாளர் சுவாதீனம் பெற்றுக்கொண்டதாக ரசீதில் கையெழுத்திடுவார்.

கையெழுத்திடும் முன் எல்லா அறையையும் சுற்றிப் பார்க்க வேண்டும். பின்கட்டு அறையில் ஓர் ஆள் இருக்க, முழுச் சுவாதீனம் பெற்றேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த ஆளை வெளியேற்ற இனி இந்த இ.பி. உதவாது.

குறுக்கே நிற்பவர்கள்

சேலத்து வழக்கில் நடந்தது ஊர்தோறும் நடப்பதுதான். அமீனா வந்த அன்று, அதுவரை யாரும் பார்த்திராத ஒருவர் வாசலில் நிற்பார். கையில் ஒரு முத்திரைத்தாள். "நான் இவர்கிட்ட உள்வாடகைக்கு இருக்கேன்" என்பார், அல்லது "இந்த இடத்தை நான் கிரயம் பேசி அட்வான்ஸ் குடுத்திருக்கேன்" என்பார். அமீனா 'தடை ஏற்பட்டது' என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அன்றிலிருந்து 30 நாள். அதற்குள் ஆர்டர் 21, விதி 97ன்கீழ் தடையை அகற்றக் கேட்டு மனுப் போட வேண்டும். தடுத்தவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்பதை நிறைவேற்று நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும். 1976 திருத்தத்துக்குப் பிறகு இதற்கென்று தனி வழக்குப் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. தடுத்தவர் வாடகைதாரரின் தூண்டுதலால் வந்தவர், நியாயமான காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்து, சுவாதீனம் கொடுக்க உத்தரவிட்ட பிறகும் அவர் தடுத்தால், 30 நாள் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் விதி 98 அதிகாரம் தருகிறது. இதைக் கேட்டு மனுவில் ஒரு பத்தி சேர்ப்பதைப் பல வக்கீல்கள் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்தி இருந்தால் முத்திரைத்தாளோடு வந்தவர் இரண்டு முறை யோசிப்பார்.

ஆனால் தடுப்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். மூல வாடகைதாரரிடம் லட்சக்கணக்கில் லீசுத் தொகை கொடுத்து, உரிமையாளர் யார் என்றே தெரியாமல் குடிவந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தில் பெரிய உரிமை இல்லாவிட்டாலும், ஒரு மாத அவகாசமும் கொஞ்சம் மரியாதையும் கொடுத்தால் அவர்களே சாவியைக் கொடுத்துவிட்டு, தங்களை ஏமாற்றியவர்மீது வழக்குப் போடப் போவார்கள்.

பேசி முடிப்பது

எந்தக் கட்டத்திலும் சமரசத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஆறு மாத அவகாசம், அதுவரை மாதாமாதம் தொகை, குறித்த தேதியில் காலி என்று பேசி முடித்தால் அதை வீட்டுத் திண்ணையில் வெள்ளைத்தாளில் எழுதக் கூடாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாக நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். காலி செய்து தருவேன் என்ற உறுதிமொழி அபிடவிட்டாக இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதியை மீறினால் அவமதிப்பு நடவடிக்கை வரும் என்பது குடியிருப்பவருக்கும் தெரியும். தேதி தவறினால் புது வழக்கு வேண்டாம், அந்த உத்தரவையே நிறைவேற்றலாம்.

"என் அட்வான்ஸைக் கொடுத்தால் நாளைக்கே போகிறேன்" என்ற வாதம் பெரும்பாலான பேச்சுவார்த்தையை முறிக்கும். உரிமையாளர் அந்தப் பணத்தைப் பாக்கி, மின்கட்டணம் கழித்துக் கணக்குப் பார்த்து, மீதியை நீதிமன்றத்தில் கட்டிவிடுவதாக மெமோ போட்டால் அந்த வாதம் அன்றோடு முடியும். அட்வான்ஸைச் செலவழித்துவிட்டுக் கொடுக்க வழியில்லாமல் வழக்கை இழுக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அது குடியிருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

சாவி கைக்கு வந்த பிறகு

அன்றைக்கே எல்லாப் பூட்டும் மாற வேண்டும். மின் மீட்டர் ரீடிங்கை ஃபோட்டோ எடுத்து, பாக்கி இருந்தால் தொகையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு சில வாரம் காலியாக இருக்கப்போகிறது என்றால் நம்பகமான ஒருவரை இரவில் தங்கவைப்பது நல்லது. அமீனா அறிக்கையை ஏற்று, சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது என்று நீதிமன்றம் பதிவு செய்ததும் இ.பி. முடிந்துவிடும். அதன்பிறகு பழைய குடித்தனக்காரர் மறுபடி உள்ளே புகுந்தால் பழைய டிக்ரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது புதிய அத்துமீறல். உடனே காவல் நிலையத்தில் புகாரும், தேவைப்பட்டால் புது வழக்கும் போட வேண்டியிருக்கும். அப்போது டெலிவரி ரசீது, அமீனா அறிக்கை, இ.பி. முடிக்கப்பட்ட உத்தரவு மூன்றின் சான்றிட்ட நகலும் உடனே கைக்குக் கிடைக்க வேண்டும். அவற்றை விண்ணப்பித்து வாங்கி, மூலப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

வாடகைப் பாக்கிக்கும் இழப்பீட்டுக்கும் டிக்ரி இருந்தால் அதை வசூலிப்பது தனி வேலை. சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் பற்றுகை, வியாபாரி என்றால் வங்கிக் கணக்கு. காலி செய்து போனவரின் புதிய முகவரியும் வேலை செய்யும் இடமும் சாமான் வண்டி கிளம்பும் நாளில்தான் சுலபமாகத் தெரியவரும். அன்றே அவற்றை எழுதி வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும்.